பாடி பாசிட்டிவ்: ஒரு மைக் செட் ஆம்ப்ளிஃபயருக்கு எஸ்எம்பிஎஸ் வைத்த விவரம்

காங்கேயம் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டிலிருந்து வந்த ஆம்ப்ளிஃபயர் இது. அப்பாரு காலத்தில் சுற்றுவட்டார மாரியம்மன் நோம்பிகளுக்கும் கல்யாணங்களுக்கும் மைக் செட் வாடகைக்கு விட்ட குடும்பம். தொழில் நின்று வெகுகாலம் ஆகிவிட்டது. இரண்டு ஹாரன், ஒரு மைக், சாம்பல் பெயின்ட் அடித்த தகரப் பெட்டி ஒன்று, இவ்வளவுதான் மிச்சம். கம்பெனி செட் அல்ல, உள்ளூரில் யாரோ கைப்பட அசெம்பிள் செய்தது. சர்க்யூட் படம் கிடையாது. 12 வோல்ட் பேட்டரியில் ஓடும், சுமார் 10 வாட்.

கொண்டுவந்த பேரன் சொன்ன குறை: "வால்யூம் கொறச்சு வெச்சா கரகரங்குதுங்க. ஏத்துனா டப்பு டப்புன்னு கட்டாவுது. ஃபோனைச் சொருகுனா ஒரே இரைச்சல்." பேட்டரியைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது, கரண்டில் ஓட வேண்டும், ஃபோனிலிருந்து பாட்டுப் போக வேண்டும் என்பது அவர் கேட்டது. "ஆனா அப்பாரு செட்டு சத்தம் மாறப்படாதுங்க" என்பது நிபந்தனை.

மூன்று குறைகளில் இரண்டுக்கு ட்ரான்சிஸ்டரோடு சம்பந்தமே இல்லை. பழைய செட்டுக்குப் புது பவர் சப்ளை வைக்கிற பலரும் 12 வோல்ட்டை எடுத்துவிட்டு இன்னொரு 12 வோல்ட்டை வைப்பதாக நினைக்கிறார்கள். ஆனால் அந்தக் காலத்தில் சர்க்யூட் போட்டவர், பேட்டரியையும் ஒரு உறுப்பாகக் கணக்கில் வைத்துத்தான் போட்டார். பேட்டரிக்கு எர்த் கிடையாது, எந்தப் பக்கத்தைப் பாடியில், அதாவது தகரப் பெட்டியில், கட்டினாலும் அது கவலைப்படாது. திடீரென்று இரண்டு ஆம்பியர் கேட்டால் முனகாமல் கொடுக்கும். ஹை ஃப்ரீக்வன்சி இரைச்சல் அதில் இல்லை. இந்த மூன்றையும் அடாப்டர் செய்யாது, எஸ்எம்பிஎஸ்ஸும் (மெயின் கரண்டை வேகமாக ஆன்-ஆஃப் செய்து டிசி ஆக்கும் பவர் சப்ளை, அடாப்டருக்குள் இருப்பதும் இதுவே) செய்யாது. அதனால் பவர் சப்ளையை முதலில் ஒழுங்குபடுத்தி, அப்புறம்தான் ட்ரான்சிஸ்டரில் கை வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

உள்ளே இருந்தது

முதல் இரண்டு ஸ்டேஜில் ஏசி126, அடுத்து ஏசி128, அதன் பின்னால் டிரைவர் ட்ரான்ஸ்ஃபார்மர், கடைசியில் புஷ்-புல்லாக, அதாவது ஆளுக்கு அரை அலையாக, இரண்டு பெரிய டிஓ-3 (உலோக மூடி) ட்ரான்சிஸ்டர், ஒரு அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர். ஏசி126, ஏசி128 வகைகளை ஒரு காலத்தில் பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸே தயாரித்தது, அதனால் நம் பக்கத்துப் பழைய செட்களில் இவை நிறையவே கிடைக்கும். ஒன்றைத் தவிர எல்லாம் ஜெர்மேனியம், எல்லாம் பிஎன்பி (கலெக்டர் நெகட்டிவ் பக்கம் இருக்கும் வகை). ஆகவே பேட்டரியின் பாசிட்டிவ் பாடியில், நெகட்டிவ் ஸ்விட்ச் வழியாக உள்ளே.

அவுட்புட் ஜோடியில்தான் கூத்து. ஒன்று ஏடி149, ஜெர்மேனியம். இன்னொன்று எம்ஜே2955, சிலிக்கான். ஏடி149 ஒன்று போனதும் யாரோ ஒரு மெக்கானிக் அதே அளவு மூடி, அதே பிஎன்பி என்று பார்த்து மாட்டிவிட்டிருக்கிறார். ஜெர்மேனியம் திறக்க பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே 0.2 வோல்ட் போதும், சிலிக்கானுக்கு 0.6 ஆவது வேண்டும். இந்தச் செட்டில் பயாஸ் (ட்ரான்சிஸ்டரைச் சற்றே திறந்து வைக்கும் அந்த வோல்டேஜ்) கொடுப்பது 330 ஓம், 5.6 ஓம் என்று இரண்டே ரெசிஸ்டன்ஸ், 5.6-க்குப் பக்கத்தில், சூடு ஏறினால் மதிப்பு குறையும் தெர்மிஸ்டர் ஒன்று. அங்கே அளந்தால் 0.2 வோல்ட்டுக்குக் கொஞ்சம் கீழே. ஏடி149 அதில் சுகமாக நடக்கிறது, எம்ஜே2955 தூங்குகிறது.

ஆயிரம் ஹெர்ட்ஸ் சைன் அலையைக் கொடுத்து ஆசிலோஸ்கோப்பில் பார்த்தபோது ஒரு பக்க வளைவு ஒழுங்காக உருண்டு வந்தது. மறுபக்கம், பூஜ்யத்தைத் தாண்டியதும் கோடு படுத்துவிட்டது. கொஞ்ச தூரம் தரையோடு போய், பிறகு குத்தென்று எழுந்து ஒரு கூர்முனையைக் காட்டிவிட்டு மறுபடி படுத்தது. வால்யூமைக் குறைக்கக் குறைக்க அந்த முனையும் சிறுத்து, ஒரு கட்டத்தில் பாதி அலையே இல்லை. "கொறச்சா கரகரங்குது" என்றது இதைத்தான். சத்தம் ஏற ஏற, காணாமல்போகும் துண்டு மொத்தத்தில் சின்னதாகிவிடுவதால் காது அதைக் கண்டுகொள்வதில்லை.

முதல் ஏடி149 ஏன் போனது? பேரன் சொன்னதை வைத்துப் பார்த்தால், பேட்டரியைக் கழற்றாமல் சார்ஜரோடு சேர்த்தே ஓட்டியிருக்கிறார்கள், அதுவும் சித்திரை வெயிலில், தகரக் கொட்டகைக்குள். சார்ஜர் மாட்டினால் 12 வோல்ட் 14-ஐத் தாண்டும். பயாஸ் நேராக சப்ளையிலிருந்து பிரித்து எடுப்பது என்பதால் அதுவும் கூடவே ஏறும். பேஸில் 30 மில்லிவோல்ட் கூடினாலே ஐடில் கரண்ட் (சத்தம் இல்லாதபோதும் ஓடும் கரண்ட்) இரண்டு மூன்று மடங்காகிவிடும். ஜெர்மேனியத்தின் லீக்கேஜோ (கசிவுக் கரண்ட்) ஏறக்குறைய 10 டிகிரிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். சூடு கூடினால் கரண்ட் கூடும், கரண்ட் கூடினால் சூடு கூடும். அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்கிற புஷ்-புல்லில் ட்ரான்சிஸ்டர் மேல் சப்ளையைப் போல இரு மடங்கு வோல்டேஜ் விழும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 14 என்றால் 28.

கட்டாவது ஏன்

பேரன் கொண்டுவந்த அடாப்டரில் 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று எழுதியிருந்தது. கணக்குப் போட்டால் இது போதும்போலத்தான் தெரியும்: 10 வாட் வெளியே வர, சப்ளையிலிருந்து சராசரியாக 1.2 ஆம்பியர் போனால் சரி. ஆனால் இது கிளாஸ் பி, சத்தத்துக்கேற்ப இழுப்பு ஏறி இறங்கும். அலையின் உச்சியில் 1.8 ஆம்பியர் இழுக்கும், கோயில் மைக்கில் ஒருவர் வாயை ஒட்டிவைத்துக் கத்தி சத்தம் வெட்டுப்படும்போது அந்த உச்சியிலேயே நின்றுவிடும். எழுதியிருக்கும் இரண்டு ஆம்பியரின் விளிம்பு அது. அடாப்டருக்குள் இருக்கும் எஸ்எம்பிஎஸ் உடனே ஓவர்லோடு என்று அணைந்து, ஒரு கணம் கழித்து எழுந்து, மறுபடி அணைகிறது. டப்பு டப்பு. சில மெக்கானிக்குகள் இதை மோட்டார்போட்டிங் (ஸ்டேஜ்கள் சப்ளை வழியாக ஒன்றையொன்று தூண்டுவதால் வரும் டப்டப்பு) என்று நினைத்து, ஸ்டேஜ்களின் சப்ளையைப் பிரித்து வைக்கும் டீகப்ளிங் கண்டென்சரைத் தேடிக்கொண்டிருப்பார்கள். பேட்டரியை மாட்டிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும், பேட்டரியில் ஒரு டப்பும் வரவில்லை.

வைத்தது 12 வோல்ட், 5 ஆம்பியர் தகர உறை எஸ்எம்பிஎஸ், எல்இடி விளக்குக்கும் கேமராவுக்கும் போடுகிறார்களே, அதே வகை. இதில் ஒன்றைச் சோதிக்காமல் மாட்டவே கூடாது. இதன் அவுட்புட் நெகட்டிவ் உறையோடு இணைந்திருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்க்க வேண்டும். மலிவான சிலவற்றில் நேராகவே இணைத்திருப்பார்கள். பாடியில் நெகட்டிவ் கட்டிய செட்டுக்கு அதனால் ஒன்றும் இல்லை. பாடி பாசிட்டிவ் பெட்டிக்குள் அந்த உறையைத் திருகி முடுக்கினால், திருகு முடுக்குகிற அந்த நிமிடமே முழு ஷார்ட். இதில் இணைப்பு இல்லை. அதனால் உறை, பாடி, மெயின் எர்த், சப்ளையின் பாசிட்டிவ் நான்கையும் ஒரே போல்ட்டில் கொண்டுவந்தேன்.

சப்ளையில் இருக்கும் வோல்ட்டை மாற்றும் சின்ன ப்ரிசெட் திருகைத் திருப்பி 13, 14 ஆக்கினால் சத்தம் கூடும் என்று ஒரு ஆசை எல்லோருக்கும் வரும். மேலே சொன்ன கதைதான் திரும்ப நடக்கும். 12.0-இல் நிறுத்தி, ப்ரிசெட் மேல் நெயில் பாலிஷ் ஒரு சொட்டு.

இரைச்சலுக்கு 47 மைக்ரோஹென்றி சோக் (காயில்) ஒன்று, அதற்குப் பின்னால் 2200 மைக்ரோஃபாரட். சோக் 3 ஆம்பியருக்கு மேல் தாங்குகிற தடித்த கம்பியாக இருக்க வேண்டும். இந்த இடத்துக்கு லோ-இஎஸ்ஆர் (உள் ரெசிஸ்டன்ஸ் குறைந்த) கண்டென்சர் வேண்டாம், சாதாரணமே நல்லது. சோக்கும் கண்டென்சரும் சேர்ந்தால் 500 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு ரெசொனன்ஸ் வரும், கண்டென்சரின் உள் ரெசிஸ்டன்ஸ்தான் அதை அமுக்குகிறது. விலை கூடியதைப் போட்டு அந்தக் குணத்தை எடுத்துவிட்டால் பாட்டின் ஓசைக்கேற்ப சப்ளையே ஆடும். மைக் ஸ்டேஜ்களுக்குத் தனியாக 220 ஓமும் 1000 மைக்ரோஃபாரடும். அங்கே மூன்று நான்கு மில்லி ஆம்பியர்தான் ஓடுகிறது, ஒரு வோல்ட்கூட இழப்பில்லை.

இதே வீட்டில் ஒரு 9 வோல்ட் ரேடியோவும் உண்டு, அதையும் மொபைல் சார்ஜரில் ஓட்டலாமா என்று கேட்டார். 5 வோல்ட்டை 9 ஆக்கும் சின்ன எம்டி3608 போர்டு மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் அது ஓடுவது 1.2 மெகாஹெர்ட்ஸில். மீடியம் வேவ் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். திருநெல்வேலி வானொலியின் 1197 கிலோஹெர்ட்ஸில் ஒரே விசில். கோயம்புத்தூர் 999 கொஞ்சம் தள்ளி இருப்பதால் பிழைக்கலாம், அதையும் நம்பிச் சொல்ல மாட்டேன். ரேடியோவுக்கு ஆறு செல்லே உத்தமம் என்று அனுப்பிவைத்தேன்.

ஃபோன்

பெட்டியின் மூலையில் கருகிப்போன ப்ளூடூத் போர்டு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கதை அதிலேயே எழுதியிருக்கிறது. போர்டுக்கு 5 வோல்ட் எடுக்கச் செட்டின் 12 வோல்ட்டிலிருந்தே ஒரு கன்வர்ட்டர் போட்டிருக்கிறார்கள். போர்டின் கிரவுண்ட் என்பது நெகட்டிவ். அதன் ஆடியோ வயரின் ஷீல்டும் அதே கிரவுண்ட். அந்த ஷீல்டை ஆம்ப்ளிஃபயர் இன்புட்டில் கொடுத்தால், அங்கே கிரவுண்ட் என்பது பாடி, அதாவது பாசிட்டிவ். 12 வோல்ட்டுக்கு நடுவே ஒரு மெல்லிய ஷீல்டு வயர். கருகாமல் என்ன செய்யும்?

இன்புட்டுக்கும் அவுட்புட்டுக்கும் இணைப்பில்லாத தனித்த டிசி கன்வர்ட்டர் போடலாம். ஆனால் அதுவும் ஒரு இரைச்சல் பெட்டிதான். நான் போட்டது 600 ஓமுக்கு 600 ஓம் சின்ன ஆடியோ ட்ரான்ஸ்ஃபார்மர். போர்டு நெகட்டிவ் பக்கத்திலேயே இருக்கட்டும், ஒரு 7805 ரெகுலேட்டர் அதற்கு 5 வோல்ட் கொடுக்கட்டும். பாட்டு மட்டும் ட்ரான்ஸ்ஃபார்மர் வழியாகத் தாண்டி வரும். ஐம்பது மில்லி ஆம்பியருக்கு 7805 அதிகம் சூடேறாது. கேபிளில் மாட்டும் ஃபோனுக்கும் இதே வழி.

இரைச்சலின் இன்னொரு பாதி எர்த் இல்லாததால் வந்தது. இரண்டு முள் அடாப்டரில் மெயினுக்கும் அவுட்புட்டுக்கும் நடுவே ஒரு சின்ன ஒய் கண்டென்சர் இருக்கும். எர்த் இல்லாதபோது அது வழியாகச் செட்டின் பாடி மெயின் வோல்டேஜில் பாதிக்கு மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு, ஆளைக் கொல்லாது. ஆனால் மைக்கின் உலோகக் கழுத்தில் உதடு பட்டால் சுருக்கென்று இருக்கும். ஃபோனும் தன் சார்ஜரில் இருந்தால் இரண்டு அடாப்டர்களின் கசிவும் ஷீல்டு வழியாகச் சந்தித்து "ஙொய்" என்று பாடும். மூன்று முள் ப்ளக் மாட்டியதும் அடங்கிவிட்டது. நோம்பிச் சாட்டுக்குக் கம்பத்திலிருந்து இழுத்த வயரில் எர்த் இருக்காது என்பது நமக்கெல்லாம் தெரிந்த விஷயம். அதனால் பெட்டிக்குப் பின்னால் எர்த்துக்கென்றே ஒரு விங் நட். ஈர மண்ணில் ஒரு ராடு அடித்து அதில் கட்டச் சொல்லியிருக்கிறேன்.

ஜெர்மேனியமா சிலிக்கானா

ஏடி149 இன்னொன்று தேடலாம். பழைய ஸ்டாக் என்று விற்பதில் மேலே எண் அழித்து அச்சடித்தவை கலந்திருக்கின்றன. நல்லதே கிடைத்தாலும் மிச்சமிருக்கும் ஒன்றோடு ஜோடி சேர வேண்டும். சேர்ந்தாலும் அடுத்த சித்திரையில் அதே கொட்டகை. அவுட்புட்டில் இரண்டையும் எம்ஜே2955 ஆக்கி, பயாஸை மாற்றுவது என்று முடிவு செய்தேன். "சத்தம் மாறப்படாது" என்ற நிபந்தனைக்கு இது விரோதம் இல்லையா என்றால், என் அனுபவத்தில் இல்லை. இந்தப் பெட்டியின் குரலை முடிவு செய்வது இரண்டு ட்ரான்ஸ்ஃபார்மரும் ஹாரனும். பயாஸ் சரியாக இருந்தால் அவுட்புட் ஜெர்மேனியமா சிலிக்கானா என்று ஹாரனுக்கு முன்னால் நின்று யாரும் சொல்ல முடியாது.

பயாஸுக்குப் பலரும் 1என்4007 டயோடு ஒன்றை ஹீட் சிங்க்கில் ஒட்டிவிடுவார்கள். இங்கே அது சரிவராது. சின்ன டயோடில் 40, 50 மில்லி ஆம்பியர் ஓடினால் 0.7-ஐத் தாண்டிவிடும். எம்ஜே2955 போன்ற பெரிய சில்லுக்கு 30 மில்லி ஆம்பியர் ஐடிலுக்கு 0.6-க்குச் சற்றுக் கீழேயே போதும். மீதி 0.15 வோல்ட் எமிட்டரில் இருக்கும் 0.5 ஓம் மேல் விழுந்தால் ஐடில் 300 மில்லி ஆம்பியர். அடுப்பு. டயோடுக்குப் பதிலாக டிஐபி42 ட்ரான்சிஸ்டர் ஒன்றின் பேஸையும் கலெக்டரையும் சேர்த்துக் கட்டினால் அதுவே ஒரு பெரிய டயோடு, டிராப்பும் அவுட்புட்டுக்குப் பக்கத்தில் வரும், திருகு ஓட்டை இருப்பதால் மைக்கா வைத்து ஹீட் சிங்க்கிலேயே முடுக்கலாம். எமிட்டர் பாடிக்கு, பேஸும் கலெக்டரும் டிரைவர் ட்ரான்ஸ்ஃபார்மரின் நடு டேப்புக்கு, அங்கிருந்து நெகட்டிவுக்கு 220 ஓம், 2 வாட். ஐம்பது மில்லி ஆம்பியர் ஓடும். முழு சத்தத்தில் அவுட்புட் ட்ரான்சிஸ்டர்களின் பேஸ் கரண்ட் இதில் ஏறக்குறைய 20-ஐ எடுத்துக்கொண்டாலும் டயோடில் மிச்சம் இருக்கும், பயாஸ் சரியாது. 220-ஐக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து எமிட்டர் ரெசிஸ்டன்ஸ் மேல் 15 மில்லிவோல்ட் வருமாறு நிறுத்தினேன், அதாவது ஒவ்வொன்றுக்கும் 30 மில்லி ஆம்பியர். பழைய தெர்மிஸ்டருக்கு இனி வேலை இல்லை.

டிரைவர் ஏசி128-இல் கை வைக்கவில்லை. அதன் கலெக்டரில் உள்ள ட்ரான்ஸ்ஃபார்மர் காயில்தான் ஒரு முனையில் பச்சை பிடித்து அறுந்திருந்தது, யாரோ ஒட்டுப்போட்டிருந்தார்கள். மோட்டார் காயில் கட்டும் கடை கோயம்புத்தூரில் தெருவுக்குத் தெரு உண்டு, ஆனால் தலைமுடி மாதிரிக் கம்பி என்றதும் "அது நம்ம வேலை இல்லீங்க" என்றுவிடுவார்கள். ஒட்டை நானே பிரித்துச் சுத்தம் செய்து மறுபடி சால்டர் வைத்தேன், பிடித்துக்கொண்டது.

முதல் ஏசி126-ஐ மாற்றியே ஆக வேண்டியிருந்தது. சால்டரிங் அயர்னைப் பக்கத்தில் கொண்டுபோனால் "சோ" என்ற இரைச்சல் ஏறுகிறது, தள்ளினால் இறங்குகிறது. லீக்கேஜ். அந்த இடத்தில் பிசி557, சிலிக்கான். கழற்றி மாட்டுவதோடு இந்த வேலை முடியாது. ஏசி126-இன் எமிட்டரில் 1 வோல்ட், 1000 ஓம், ஆகவே 1 மில்லி ஆம்பியர். பேஸ் வோல்டேஜை அப்படியே விட்டால் சிலிக்கான் கூடுதலாக 0.4-ஐத் தின்றுவிடும், கரண்ட் 0.6-க்கு இறங்கும், கலெக்டர் வோல்டேஜ் நகர்ந்து ஒரு பக்கம் சீக்கிரம் வெட்டுப்படும். பேஸ் டிவைடரில் பாடிப் பக்கத்து ரெசிஸ்டன்ஸை ஏற்றி, எமிட்டர் மறுபடி 1 வோல்ட்டுக்கு வரும்வரை சரிசெய்ய வேண்டும்.

அப்புறம் வேகம். ஏசி126 சில மெகாஹெர்ட்ஸோடு மூச்சு வாங்குகிற ஆள். பிசி557 நூறைச் சாதாரணமாகத் தாண்டும். நீளமான மைக் வயர், ஷீல்டு சுமார், பக்கத்தில் யாரோ ஒருவர் ஃபோனை வைத்தால் "டிர்ர் டிர்ர்" என்று ஹாரனில் கேட்கிறது. பழைய ட்ரான்சிஸ்டரின் மந்தமே அதுவரை வடிகட்டியாக இருந்திருக்கிறது. பேஸுக்கு முன்னால் 1000 ஓம், கலெக்டருக்கும் பேஸுக்கும் நடுவே 100 பிகோஃபாரட், மைக் சாக்கெட்டில் ஒரு ஃபெரைட் மணி, இவற்றால் அதே மந்தத்தை வெளியிலிருந்து கொடுத்தேன். இரண்டாவது ஏசி126 நன்றாக இருந்தது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எலக்ட்ரோலிட்டிக் எல்லாம் புதிது. பாடி பாசிட்டிவ் செட்டில் டீகப்ளிங் கண்டென்சரின் ப்ளஸ் முனை பாடிக்குப் போகும், கை பழக்கத்தில் மைனஸைப் பாடியில் வைத்தால் வெடிக்கும். ஸ்டேஜ்களை இணைக்கும் கப்ளிங்கில் இடம் இருந்த இடத்தில் 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம். கார்பன் ரெசிஸ்டன்ஸ்களில் 47 ஆயிரம் என்று எழுதிய ஒன்று 60 ஆயிரத்தைத் தாண்டி நின்றது, அந்த மாதிரி ஓடிப்போனவற்றை மட்டும் மாற்றினேன்.

ஓட்டிப் பார்த்தது

8 ஓம் டம்மி லோடில் வெட்டுப்படும் முன் 8.5 வோல்ட், அதாவது 9 வாட். ஆசிலோஸ்கோப்பில் பூஜ்யம் தாண்டும் இடத்தில் ஒரு மெல்லிய நெளிவுகூடத் தெரியவில்லை. பெட்டியை மொட்டை மாடியில் மதிய வெயிலில் மூடி போட்டே வைத்து, சூடு ஏறிய பிறகு எமிட்டரில் அளந்தால் 15 மில்லிவோல்ட் 19 ஆகியிருந்தது. அதற்கு மேல் ஏறவில்லை. டிஐபி42 தன் வேலையைச் செய்கிறது.

ஹாரனில் பேரன் ஒரு பழைய பாட்டைப் போட்டார். "அதேதானுங்க" என்றார். பாஸ் இல்லை, நடுவில் ஒரு கணீர், மேலே சுத்தமாக ஒன்றும் இல்லை. ஹாரன் அப்படித்தான்.

இவ்வளவுக்கு புதுவகை கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயர் போர்டு ஒன்றை உள்ளே வைத்துவிட்டால் ஆகாதா என்று கேட்டவர்கள் உண்டு. சத்தம் மட்டும் வேண்டுமென்றால் ஆகும், தனியாக ஒரு பெட்டியில் வைத்துக்கொள்ளட்டும். இந்தப் பெட்டியைக் குடைந்து அதை வைப்பதானால் எனக்கு அந்த வேலை வேண்டாம்.

பேட்டரி முனைகளை எடுக்கவில்லை, நோம்பியில் கரண்ட் போனால் வேண்டுமே. எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் பேட்டரிக்கும் நெகட்டிவ் லைனில் ஆளுக்கொரு ஷாட்கி டயோடு (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுவது). எது கூடுதலோ அது ஓட்டும், ஒன்று மற்றொன்றுக்குள் போகாது, முனை மாற்றிக் கொடுத்தாலும் செட் பிழைக்கும். இதில் ஒரு தொல்லை மீதி: நன்றாகச் சார்ஜ் ஆன பேட்டரி 12.6 இருப்பதால், கரண்ட் இருக்கும்போதும் கொஞ்ச நேரம் பேட்டரியே ஓட்டுகிறது. ப்ரிசெட்டை ஏற்றினால் தீரும், ஏற்ற மாட்டேன். கரண்ட் இருக்கும்வரை பேட்டரி கிளிப்பைக் கழற்றி வைக்கச் சொல்லியிருக்கிறேன். சார்ஜரோடு சேர்த்து மாட்டவே கூடாது என்பதையும் பெட்டியின் முதுகில் "பாடி பாசிட்டிவ்" என்று பெயின்டில் எழுதியதற்குக் கீழேயே எழுதிவைத்தேன். வரைந்த சர்க்யூட்டும் கழற்றிய ஏடி149-உம் மூடிக்கு உள்பக்கம் ஒரு கவரில் இருக்கின்றன.